‘டக்’ ஒன்றா, ‘டக டக’வா?

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் டெல்டாவில் பழைய கார்கள் கீற்றுக் கொட்டகையில் பத்துப் பதினைந்து நாள் அசையாமல் நிற்கும். பிறகு ஒரு விடியற்காலை முகூர்த்தத்துக்குக் கிளம்பும்போது செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) எடுக்காது. எட்டிப் பார்க்கிற அத்தனை பேரும் சொல்வது ஒன்றுதான்: “பேட்டரி போயிருக்கும்.”

புதுசு மாட்டினால் வண்டி எடுத்தும்விடும். சிக்கலே அங்கேதான். புதுப் பேட்டரியின் தெம்பு, பழுதான எர்த் கேபிளை, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பாடியோடும் எஞ்சினோடும் இணைக்கிற கேபிளை, சில மாதம் மறைத்துவைக்கும். அடுத்த மழைக்கு அதே கதை. அதனால் பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் காதைத் திறங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். சத்தத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

‘டக டக டக’ என்று தொடர்ந்து அடித்து, விளக்கும் கூடவே துடித்தால், மின்சாரம் போதவில்லை. சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்) உள்ளே இழுக்கிறது, மோட்டார் பெரிய கரண்டைக் கேட்கிறது, வோல்டேஜ் சரிகிறது, சொலினாய்டு பிடியை விடுகிறது, விட்டதும் வோல்டேஜ் ஏறி மறுபடி இழுக்கிறது. இந்த இடத்தில் மல்டிமீட்டர் வேண்டும், ஊகம் உதவாது. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12.0-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள், மற்ற சோதனை எல்லாம் பிறகு. சார்ஜ் ஏறிய பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால்தான் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். தண்ணீர் ஊற்றுகிற பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) வைத்து ஆறு செல்லையும் பாருங்கள். ஒரு செல்லின் அடர்த்தி மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் குறைந்தால் அந்தப் பேட்டரியைத் தேற்ற முடியாது.

பேட்டரி நன்றாக இருந்தும் மோட்டார் இழுவையாகச் சுற்றுகிறதா? அப்படியானால் வழியில் எங்கோ வோல்டேஜ் திருடுபோகிறது. பல பட்டறைகளில் தவறவிடுகிற சோதனை இது, செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். எஞ்சின் பற்றிவிடாமல் இருக்க, பிளக்குக்குப் பொறி தருகிற இக்னிஷன் காயிலுக்குப் போகிற சின்ன ஒயரைக் கழற்றுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே வையுங்கள். கேபிளின் கிளாம்ப் மேல் அல்ல. இன்னொரு முனை எஞ்சின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இடத்தில். இப்போது ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வரை சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. அதேபோல் பாசிட்டிவ் குமிழுக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த போல்ட்டுக்கும் இடையே அளந்து பாருங்கள்.

மீட்டர் இல்லையென்றாலும் வழி உண்டு. ஜம்பர் கேபிள் ஒன்றை நெகட்டிவ் முனையிலிருந்து நேராக எஞ்சினில் மாட்டி அடித்துப் பாருங்கள். சட்டென்று சுற்றினால் குற்றவாளி எர்த் பட்டைதான். எஞ்சின் ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், பாடிக்கும் எஞ்சினுக்கும் இடையே தனிப் பட்டை தேவை. அது அறுந்தால் கரண்ட் சும்மா இருக்காது. ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகப் போகப் பார்க்கும். செல்ஃப் அடித்ததும் அந்தக் கேபிள்கள் சுடுகின்றன என்றால் வேறு சாட்சி வேண்டாம்.

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கம் ஓடுகிற வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் வரும். உப்புக் காற்று கேபிளின் வாய் வழியாக உள்ளே ஏறி, உறைக்குள்ளேயே செம்பைக் கறுக்கவைக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. முனைக்கு அருகே உறை உப்பியிருந்தாலோ, வளைத்தால் நறநறவென்றாலோ கேபிளையே மாற்றுங்கள்; சுரண்டிப் பயனில்லை. டெர்மினலில் பூத்த வெள்ளை, பச்சைப் பூவுக்கு வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துத் தேய்த்தால் போதும். செல்லுக்குள் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. பிறகு எமரி பேப்பரால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், விளக்கு மங்கவே இல்லை என்றால் கரண்ட் மோட்டாருக்குள் போகவில்லை. சொலினாய்டின் செம்புக் காண்டாக்ட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, மற்றவர் ஸ்டார்ட்டர் உடம்பில் ஸ்பேனரால் லேசாகத் தட்டினால் சுற்றுகிறதா? அநேகமாகப் பிரஷ்தான். அந்தத் தட்டு உங்களைப் பட்டறை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அதையே வழக்கமாக்கினால் பிரஷ் உரசுகிற கம்யூட்டேட்டரும் சேர்ந்து போகும்.

ஒரே ‘டக்’, ஆனால் விளக்கு அணைகிற அளவுக்கு மங்குகிறது என்றால் மோட்டாரோ எஞ்சினோ இறுகியிருக்கலாம். இக்னிஷனை அணைத்து, நாலாவது கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் சிக்கிய பினியன் (ஸ்டார்ட்டரின் சின்னப் பல்சக்கரம்) விடுபடும். வெள்ளத்தில் நின்ற வண்டியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், சாவியையும் தொடாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பார்ப்பதுதான் முறை.

சத்தமே இல்லையா? சொலினாய்டுக்குப் போகிற மெல்லிய ஒயரில் டெஸ்ட் லாம்ப் வையுங்கள். சாவியைத் திருப்பினால் எரிந்தால் சொலினாய்டு. எரியாவிட்டால் இக்னிஷன் ஸ்விட்ச், இல்லை ஒயர். சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் எஞ்சின் சூட்டைத் தேடி வரும் என்பதை மறக்காமல், ஒயரின் முழு நீளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள்.

‘உய்ய்ங்’ என்று மோட்டார் மட்டும் சுற்றினால் பினியனை எஞ்சினோடு கோக்கிற பெண்டிக்ஸ் வழுக்குகிறது, இல்லை பினியன் கடிக்கிற ஃப்ளைவீல் ரிங்கில் பல் தேய்ந்திருக்கிறது. எஞ்சின் அணையும்போது கம்ப்ரெஷனில் முட்டி அநேகமாக அதே இடங்களில்தான் நிற்கும்: அம்பாசிடர் போன்ற நாலு சிலிண்டரில் இரண்டு இடம், மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டரில் மூன்று இடம். பல் தேய்வதும் அங்கேதான். கியரில் போட்டுச் சற்றே தள்ளியதும் பிடித்துக்கொண்டால் ரிங். எந்த இடத்திலும் வழுக்கினால் பெண்டிக்ஸ்.

எஞ்சின் சுற்றியும் பற்றாதது வேறு நோய். மழைக்காலத்தில், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பின் உள்ளே ஈரமா, கறுப்புக் கீறல் கோடா என்று பாருங்கள். ஈரம் துடைத்தால் போகும். கோடு விழுந்த கேப்பைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். நாள்கணக்கில் நின்ற கார்புரேட்டர் வண்டியில் கிண்ணத்துப் பெட்ரோல் வற்றியிருக்கும். 10 நொடி செல்ஃப், ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று தடவை. இடைவெளி விடாமல் அடித்தால் மோட்டார் வெந்துவிடும்.

சில வண்டிகள் செல்ஃப் அடிக்கும்வரை பற்றாமல், சாவியை விடுகிற நொடியில் பற்றும். பெரும்பாலும் காயிலுக்குப் போக வேண்டிய வோல்டேஜை ஸ்டார்ட்டர் விழுங்குகிறது, விட்டதும் பிளக்குக்குப் பொறி கிடைக்கிறது. பிளக்கையோ டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற பாயிண்டையோ மாற்றாதீர்கள். மீட்டரை எடுத்துக்கொண்டு திரும்ப அந்த எர்த் கேபிளுக்கே போங்கள்.