குரைக்காத நாய்க்கு ஃபீஸ் கிடையாதாம்

இன்னைக்கு ஃபீஸுன்னு கைல குடுத்தது ஒரு பை பட்டர்ஃப்ரூட். அதுலயும் சிலதுல குரங்கு கடிச்ச பல்லு அப்படியே பதிஞ்சிருக்கு. பைய பாத்ததும் அம்மா ஆரம்பிச்சிட்டாங்க, டிகிரி படிச்சிட்டு நாய்க்கு ட்யூஷன் எடுக்குறாளேன்னு அதே பழைய பாட்டு, எதிர்வீட்டு அக்காவுக்கு கேக்கணும்னே கொஞ்சம் சத்தமா.

நம்ம மேஜர் கேஸுதான். அருவங்காட்டுக்கு மேல, ஒரு தாத்தா வீட்டு நாய். மேஜர் பாதி லேப்ரடார், பாதி நாட்டு நாய், வயிறு மட்டும் முழு லேப். அந்த பேர வச்ச புண்ணியவான் யாரோ, மிலிட்டரிக்காரங்க நெறஞ்ச வெலிங்டன் பக்கம் வாக்கிங் கூட்டிட்டு போயி "மேஜர், இங்க வாடா"ன்னு கத்த முடியுமா சொல்லுங்க? ஒரு தடவ கத்தினேன். மேஜர் வரல, முன்னாடி விறைப்பா நடந்து போயிட்டிருந்த ஒரு சார் டக்குன்னு நின்னு திரும்பி பாத்தாரு பாருங்க ஒரு பார்வை. அதோட விசில்தான்.

இவனுக்கு குரங்குதான் பிரச்சனை. தகரத்து மேல ஒரு வாலு தெரிஞ்சா போதும், தொண்ட கிழிய குரைப்பான், நைட் ஷிஃப்ட் முடிச்சு தூங்குற பக்கத்து வீட்டுக்காரர் லுங்கிய மடிச்சு கட்டிட்டு சண்டைக்கு வந்துருவாரு. தாத்தா ஃபோன்லயே நோய கண்டுபுடிச்சிட்டாரு. "திமிரு அம்மிணி. நாமதான் லீடருன்னு காட்டோணும். கழுத்த புடிச்சு மல்லாக்க போட்டு அமுக்கோணும்னு வீடியோல சொல்றான்."

தாத்தா, அது 1947ல ஷென்கெல்னு ஒருத்தர் அடைச்சு வச்ச ஓநாய்ங்கள பாத்து எழுதினதுலேருந்து கெளம்புன கதை, ஒண்ணுக்கொண்ணு சொந்தமில்லாதத ஒரே எடத்துல அடைச்சா அடிச்சுக்கத்தான செய்யும், காட்டுல ஓநாய் கூட்டம்னா அப்பா அம்மா குட்டிங்க அவ்ளோதான், கூட்டத்துக்கு ஒரு லீடருங்கற இந்த ஆல்ஃபா சமாச்சாரத்த ஊரு பூரா பரவ விட்ட ஓநாய் ஆராய்ச்சிக்காரர் டேவிட் மீச்சே 1999ல அந்த பேச்சே சரியில்லன்னு எழுதிட்டாருன்னு மூச்சு விடாம சொன்னேன். "அவுரு மாத்திக்கிட்டா நானும் மாத்திக்கோணுமா?"ன்னாரு. கார்டைட் ஃபேக்டரில சூப்பர்வைசரா இருந்தவரு, பேச்ச மாத்துறவங்கள கண்டாலே ஆகாது.

திமிரும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, பயம். தூக்கமே வராத நேரத்துல கொட்டாவி விடுறான், ஒதட்ட நக்குறான், காது பின்னாடி போகுது, கேட்டா "வால ஆட்டுறானே, குஷியாத்தான் இருக்கான்"ங்கறாங்க. வாலு எல்லாத்துக்கும்தான் ஆடும். இதுக்கு செய்யறது கவுண்டர் கண்டிஷனிங், பயப்படுறத பாத்தாலே நல்லது வரும்னு பழக்கறது. குரங்கு கண்ணுல பட்ட அடுத்த செகண்டு வேகவச்ச சிக்கன். குரங்கு மொதல்ல, சிக்கன் அப்புறம். மாத்தி செஞ்சா சிக்கன பாத்தாலே எங்கடா குரங்குன்னு தேட ஆரம்பிச்சிரும். நாய் பதறாத தூரத்துலேருந்து ஆரம்பிக்கணும்ங்கறது ரூல், ஆனா அந்த தூரத்த குன்னூரு குரங்குக்கு யாரு போயி சொல்றது.

சிக்கன் எதுக்கு, வர்க்கி இருக்குல்லன்னாரு தாத்தா. உப்பு, வனஸ்பதி, வேண்டவே வேண்டாம்னேன். நான் முன்னாடி நின்னு, நாய் சரியா செஞ்சதும் டக்குன்னு சத்தம் குடுக்குற க்ளிக்கர அமுக்க, அவரு பின்னாடி நின்னு வர்க்கிய ஒடிச்சு போட, நம்மூரு வர்க்கி தெரியும்ல, பாத்தாலே நொறுங்கும், புல்லு பூரா தூளு. அத்தனையும் சில்வர் ஓக் மேல உக்காந்து ஒரு கூட்டமே பாத்துட்டு இருந்திருக்கு. நாய்க்கு பாடம் எடுக்கப்போன எடத்துல குரங்கு பாஸ் ஆயிருச்சு. டக்குன்னு ஒரு சத்தம் வந்தா போதும், தாயும் குட்டியுமா மரத்துலேருந்து எறங்குது. வர்க்கிய நிப்பாட்டினாலும் வருது, ஏன்னா தாத்தா சாயங்காலம் வாசல்ல டீ குடிக்கையில எப்பயாச்சும் சிந்துவாரு, எப்பவும் கெடைக்கிறத விட எப்பயாச்சும் கெடைக்கிறதுதான் ஆள விடாது, லாட்டரிய 2003ல தடையே போட வேண்டி வந்துச்சே.

எனக்கு என்ன, லட்டு மாதிரி ஆச்சு. குரங்கு எப்ப வரும்னு குளுர்ல நிக்கவே வேண்டாம், ஒரு க்ளிக், ஆஜர். மேஜர் குரங்க பாப்பான், என் மூஞ்சிய பாப்பான், உக்காந்து வாய தொறப்பான். ஒரு குரைப்பு கெடையாது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன பாத்து சிரிக்கவே ஆரம்பிச்சிட்டாரு.

மிச்ச காச வாங்கிட்டு வரலாம்னு காலைல போனா தாத்தா பட்டர்ஃப்ரூட் மரத்தடில நிக்கிறாரு. மரம் மொட்டை. "அதுங்க பறிச்சு பறிச்சு போடுது, இவன் உக்காந்துட்டு என்னைய பாத்து எச்சி வுடறான் அம்மிணி."

"நீங்கதான தாத்தா குரைக்கக் கூடாதுன்னீங்க?"

"எப்பவுமேவா சொன்னேன்? பழம் இல்லாதப்ப குரைக்கக் கூடாதுன்னேன்."

அப்புறம் கேட்டாரு பாருங்க, "பழையபடி குரைக்க வெக்க எவ்வளவு ஆவும்?" ஷாக் காலர் வாங்கித் தரேன்னு பேரன் வேற சொல்லிருக்கானாம். அதுக்கெல்லாம் காசு எங்கேருந்தாவது வந்துரும். நமக்கு மட்டும் குரங்கு மிச்சம் வச்ச பழம்.

சாயங்காலம் பாட்டி கூப்டாங்க, குசுகுசுன்னு, பின்னாடி டிவில நியூஸ் ஓடுது. "அவரு கெடக்கறாரு கண்ணு, காசு கடுகு டப்பால எடுத்து வெச்சிருக்கேன், நாளைக்கு வா." நாய் நடுவீட்டுக்குள்ள வந்தா ஆகாதுன்னு மொத நாள் சத்தியமே பண்ணவங்க. "நீ சொன்னீல்ல சிறுத்த வரும், ராத்திரி வெளிய கட்டாதீங்கன்னு. கீழ லைன்ல ஒரு நாய தூக்கிருச்சாம். அன்னிலேருந்து இவன சமையக்கட்டுலதான் போட்டுக்கறேன். மூச்சு சத்தம் கூட இல்ல, பாவம். அவருக்கு இன்னும் தெரியாது."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, சரிங்க பாட்டின்னேன்.

"ஏங்கண்ணு, சிக்கன் வெல ஏறிக் கெடக்குது. கேரட்டு போட்டா திம்பானா?"

திம்பான். கேரட்டு நல்லதுதான். ஆனா சிக்கன்னாலதான் குரங்கு இது வரைக்கும் தள்ளி நின்னுச்சு, கேரட்டுன்னா பக்கத்துலயே வந்துரும். நாளைக்கு போகணும், க்ளிக்கர வீட்லயே வச்சிட்டு.