காப்புக்காட்டுக்குள் 1,350 மீட்டர்: எங்கள் சாலைக்கு அனுமதி பெற்ற அனுபவம்

எங்கள் குடியிருப்புக்கு வரும் சாலையில் காப்புக்காட்டுக்குள் செல்லும் பகுதிக்கு, வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவின்படி மாவட்ட வன அலுவலரின் ஆணை ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் இந்தச் சாலை வேண்டாம் என்று எந்த அலுவலகத்திலும் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதையும், யாரும் எதிர்க்காத ஒரு கோப்பு மேசைக்கு மேசை படுத்துக் கிடந்தது என்பதையும் சேர்த்து நினைக்கும்போது, மகிழ்ச்சியைவிட ஆத்திரமே முந்திக்கொண்டு வருகிறது. ஊராட்சி வார்டு உறுப்பினர் என்ற முறையில் அந்தக் கோப்பைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்தவள் நான். இதே நிலையில் உள்ள மற்ற மலைக் குடியிருப்புகளுக்குப் பயன்படட்டும் என்பதற்காக, அது எங்கெங்கே இடறியது என்பதை எழுதி வைக்கிறேன்.

நடப்பவர்களுக்கு அது ஒரே பாதை. வருவாய்க் கணக்கில் அது மூன்று நிலங்கள். தார்ச்சாலையிலிருந்து பிரியும் தொடக்கப் பகுதி அரசு தரிசு. நடுவில் குறுக்கிடுவது ஓடைப் புறம்போக்கு. அதற்கு மேல் 1,350 மீட்டர் காப்புக்காடு. மூன்றுக்கும் துறை வேறு, சட்டம் வேறு. ஆகவே மனு எழுதும் முன்பே அ பதிவேட்டின் (கிராம நிலங்களின் வகையும் பரப்பும் உள்ள வருவாய்ப் பதிவேடு) நகலையும், நில அளவைக் காட்டும் புலப்படத்தையும் எடுத்து, எந்தப் புல எண்ணில் எவ்வளவு நீளம் போகிறது என்று குறித்துக்கொள்வது நல்லது. "எங்கள் ஊருக்குச் சாலை வேண்டும்" என்று பொதுவாக எழுதப்படும் மனுவை எந்தத் துறையும் அடுத்த துறைக்குத் தள்ளிவிட முடியும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆண்டுக்கணக்காகக் கொடுத்துவந்த மனுக்களுக்கு நேர்ந்தது அதுதான். அவை ஒவ்வொன்றும் வனத்துறைக்கு அனுப்பப்பட்டு, "வனப் பாதுகாப்புச் சட்டப்படி இயலாது" என்ற ஒற்றை வரிப் பதிலோடு திரும்பி வந்தன.

அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் ஒரு விவரம் இருக்கிறது, அதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. காட்டு நிலத்தில் சாலை கேட்கும் விண்ணப்பத்தை ஊர் மக்கள் கொடுக்க முடியாது. சாலையைப் போடப்போகும் அரசுத் துறைதான் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அது ஊராட்சி ஒன்றியம். மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் 2009 மே 18 அன்று வெளியிட்ட நடைமுறையின்படி, அந்தத் துறை 'ஏ' படிவத்தை நிரப்பி, கிராம சபைத் தீர்மானத்தை இணைத்து வனச்சரகரிடம் அளிக்க வேண்டும். அவர் இடத்தைப் பார்வையிட்டு, 'பி' படிவத்தில் தம் கருத்தோடு மாவட்ட வன அலுவலருக்கு அனுப்புவார். அந்த முதல் படிவம் நகராதவரை வனச்சரகர் மேசையில் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை.

ஆகவே ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த உதவியாளர் மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, காட்டு நிலம்னா வன அனுமதிக்கான பரிவேஷ் இணையதளத்துல ஏத்தணும், ஈடாகக் காடு வளர்க்க நிலம் காட்டணும், காட்டு இழப்புக்கு நிகர நடப்பு மதிப்புத் தொகை கட்டணும், ஒன்றியத்துல அதுக்கு நிதி கிடையாது" என்றார். அவர் சொன்னது 1980 ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவில், அந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும் அதற்குக் கட்டுப்படாமல், பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சாலை உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்குத் தனி வழி திறந்திருக்கிறது. நிபந்தனைகள் மூன்று: ஒவ்வொரு பணிக்கும் நிலம் 1 ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், வெட்டப்படும் மரங்கள் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். சட்டத்தின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து அடுத்த முறை அவர் முன் வைத்தபோது, "அந்தச் சட்டத்துக்கு நம்ம மாநிலத்துல தடை இருக்கே" என்றார். 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் வன உரிமைப் பட்டா வழங்குவதற்கு விதித்த இடைக்காலக் கட்டுப்பாடு அது. உச்ச நீதிமன்றம் 2016-இலேயே அதை நீக்கிவிட்டது. சாலைக்கும் பட்டாவுக்கும் தொடர்பும் இல்லை. அலுவலகத்தில் பழைய தகவல் ஒன்று பத்திரமாக வாழ்ந்துகொண்டிருக்கும். அதை வாய்ப்பேச்சால் அகற்ற முடியாது, தாள்தான் அகற்றும்.

இதைவிட அதிகமாக எங்களை அலைக்கழித்தது கிராம சபைத் தீர்மானம். தீர்மானம் எங்களிடம் இருந்தது. காந்தி பிறந்த நாளில் நடந்த ஊராட்சிக் கிராம சபையில் ஒருமனதாக நிறைவேற்றப்பட்டு, தலைவரின் கையொப்பத்துடன், வருகைப் பதிவேட்டுடன் இருந்தது. ஒன்றியமும் அதையே இணைத்து அனுப்பியது. வன அலுவலகத்திலிருந்து கோப்பு திரும்பி வந்தபோது குறிப்பில் இருந்தது: "உரிய கிராம சபையின் தீர்மானம் இல்லை." உரியது எது என்று அதில் எழுதப்படவில்லை. ஒன்றியத்தில் கேட்டால் வன அலுவலகத்தில் கேளுங்கள் என்றார்கள். வன அலுவலகத்தில் கேட்டால், அனுப்பிய அலுவலகத்துக்குத்தான் பதில் சொல்வோம் என்றார்கள்.

விளக்கம் பிறகு ஒரு வனவர் மூலம் கிடைத்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் கூடும் கிராம சபை முழு ஊராட்சிக்கும் உரியது. அதன் குறைவெண், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது, மக்கள்தொகையைப் பொறுத்தது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் போதும். எங்கள் ஊராட்சியில் பல குக்கிராமங்கள் உண்டு. அன்று வந்தவர்களில் பெரும்பாலோர் அடிவாரத்து ஊர்க்காரர்கள். வன உரிமைச் சட்டம் கேட்பதோ அந்தக் காட்டைச் சார்ந்து வாழும் குடியிருப்பின் சபையை. 2012 ஆம் ஆண்டின் விதித் திருத்தத்துக்குப் பிறகு, அதன் உறுப்பினர்களில் பாதிப்பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். பெயர் ஒன்று, சபை வேறு. வன அலுவலகம் கேட்டது நியாயமான தாள்தான். அதை ஒரு வரியில் எழுதியிருந்தால் எங்களுக்கு ஒரு பருவம் மிஞ்சியிருக்கும்.

பாதிப்பேரைக் கூட்டுவது மலையில் எளிதன்று. பெரியவர்களில் பலர் தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் வெளியூர் போய்விடுகிறார்கள். ஆகவே அவர்கள் ஊர் திரும்பும் கோயில் திருவிழா நாளைத் தேர்ந்தெடுத்தோம். இங்கே சில எச்சரிக்கைகள். கூட்ட அறிவிப்பை எழுத்தில் கொடுத்து, ஒட்டிய இடத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பின் மொத்த வயது வந்தோர் எண்ணிக்கையை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்து, ஊராட்சிச் செயலரிடம் சான்றொப்பம் பெற்றுத் தீர்மானத்துடன் இணையுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் வந்தவர்கள் பாதியா இல்லையா என்று மேசையில் இருப்பவர் எப்படிச் சொல்வார்? ஆண்கள், பெண்கள் கையொப்பங்களைத் தனித்தனிப் பக்கங்களில் வாங்குவது இன்னும் நல்லது. தீர்மானத்தின் வாசகத்திலேயே காப்புக்காட்டின் பெயர், சாலையின் நீளம், அகலம், தேவைப்படும் பரப்பு, 3(2) பிரிவின்படி பரிந்துரை என்ற சொற்கள் அனைத்தும் இருக்க வேண்டும். "சாலை அமைத்துத் தர ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்ற வழக்கமான வரி இதற்கு உதவாது.

பரப்பு என்றதும் அடுத்த இடறல் நினைவுக்கு வருகிறது. மதிப்பீட்டை எழுதியவர் சமவெளிச் சாலைகளுக்குப் பயன்படுத்தும் 7.5 மீட்டர் அகலத்தையே எங்கள் மலைச்சாலைக்கும் எழுதிவிட்டார். 1,350 மீட்டரை 7.5-ஆல் பெருக்கினால் 10,125 சதுர மீட்டர். 1 ஹெக்டேர் என்பது 10,000. வெறும் 125 சதுர மீட்டர் கூடுதலுக்காக, 1980 சட்டத்தின்படி விண்ணப்பிக்குமாறு கூறிக் கோப்பு மறுபடியும் திரும்பியது. ஒன்றியத்தில் ஒருவர், சாலையை இரண்டாகப் பிரித்து இரண்டு விண்ணப்பங்களாகப் போட்டுவிடலாம் என்றார். தயவுசெய்து யாரும் இதற்கு இணங்காதீர்கள். ஒரே குடியிருப்புக்குச் செல்லும் ஒரே சாலையைத் துண்டு போட்டால் வரம்பை ஏமாற்றுவதாகவே அது படிக்கப்படும். அப்படி ஒரு குறிப்பு கோப்பில் ஏறிவிட்டால் அதன்பின் எதையும் எடுத்துச் சொல்ல முடியாது.

விடை அளவிலேயே இருந்தது. கிராமச் சாலைகளுக்கான இந்தியச் சாலைப் பேராயத்தின் கையேடு, மலைப்பகுதியில் 6 மீட்டர் அகலமே போதும் என்கிறது. தார் விழும் பகுதி அதற்குள் அடங்கிவிடும். மலைப்பக்க வடிகாலுக்கு 0.6 மீட்டரைச் சேர்த்தாலும் 6.6 மீட்டர்தான், பரப்பு 8,910 சதுர மீட்டர். இதைக் கணக்குப் போட்டு எடுத்துப்போனபோது உதவிப் பொறியாளர் முதலில் முகம் சுளித்தார், பிறகு தாமே கால்குலேட்டரை எடுத்துச் சரிபார்த்துவிட்டு, திருத்திய மதிப்பீட்டை அன்று மாலைக்குள் தயாரித்துக் கொடுத்தார். எங்களுக்குக் கிடைத்த வெற்றிகளில் இதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். பரப்பு மாறியதால் தீர்மானத்தில் இருந்த எண்ணும் மாற வேண்டியதாயிற்று. நல்ல வேளையாகத் திருவிழாவுக்கு வந்தவர்கள் ஊரில் இருந்த நாள்களிலேயே அது தெரிந்ததால், சபையை மறுபடி கூட்ட முடிந்தது. அகலத்தை உறுதி செய்த பிறகே தீர்மானம் போட வேண்டும் என்று எங்களுக்கு எந்த அலுவலகமும் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன்.

மரங்களைப் பொறுத்தவரை சிக்கல் வரவில்லை. பழைய தடத்தையே ஒட்டிப் போனதால், கூட்டாய்வில் எண்ணப்பட்ட மரங்கள் வரம்புக்கு வெகு கீழே நின்றன. ஆனால் ஒன்று: 75 என்பது ஹெக்டேருக்கான எண். 0.891 ஹெக்டேருக்கு அது 66 ஆகிவிடும். எங்களுடன் வந்த பணி மேற்பார்வையாளர் 75 மரம் வரை வெட்டலாம் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

நடைமுறையின்படி வனச்சரகர் மூன்று வாரத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும், மாவட்ட வன அலுவலர் நான்கு வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். இந்த வாரங்கள் முழுமையான படிவம் சேர்ந்த நாளிலிருந்து எண்ணப்படுபவை. ஆகவே கோப்பு எப்போது சேர்ந்தது என்பதற்கு ஆதாரம் நம் கையில் இருக்க வேண்டும். ஒவ்வோர் அலுவலகத்திலும் தபால் பிரிவில் தேதி முத்திரையுடன் ஒப்புகையும், ந.க. எண்ணும் (அலுவலகம் கோப்புக்குக் கொடுக்கும் நடப்புக் கணக்கு எண்) வாங்காமல் படியிறங்காதீர்கள். அந்த எண் இல்லாமல் போய் நின்றால், "அப்படி ஒரு கோப்பு வரவே இல்லையே" என்பார்கள். எண்ணைச் சொன்னால் பீரோ திறக்கும். ஒரு கட்டத்தில் அதுவும் திறக்காதபோது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கோப்பு எந்தத் தேதியில் யாருடைய பொறுப்பில் இருந்தது என்று மட்டும் கேட்டு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையுடன் விண்ணப்பித்தேன். 30 நாள் கெடு முடிவதற்குள் பதிலும் வந்தது, கோப்பும் நகர்ந்திருந்தது. ஏன் தாமதம் என்று கேட்காதீர்கள். "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் தரத் தேவையில்லை என்று தப்பித்துக்கொள்வார்கள். தேதியையும் பொறுப்பையும் கேட்டால் தப்பிக்க வழியில்லை. மாவட்ட வன அலுவலருக்கு உடன்பாடு இல்லையென்றால் கோப்பு ஆட்சியர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழுவுக்குச் செல்ல வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

வருவாய்த் துறைப் பகுதி ஒப்பீட்டளவில் எளிதாக முடிந்தது. அரசு தரிசில் பாதையின் அகலத்துக்கு உட்பிரிவு செய்து சாலையாகப் பதியச் சொல்லி ஜமாபந்தியில் மனு கொடுத்தோம். நில அளவர் வந்தார், அளந்தார், அறிக்கை போயிற்று. ஓடையில் மட்டும் கவனம் தேவை. மனுவை எழுதிக் கொடுத்தவர், "ஓடைப் புறம்போக்கைச் சாலையாக வகைபாடு மாற்றம் செய்து" என்று எழுதியிருந்தார். நீர்நிலைகளின் வகைபாட்டை மாற்றுவதில் நீதிமன்றங்கள் கடுமையாக இருக்கும் காலம் இது. அந்தச் சொற்களைப் பார்த்த மாத்திரத்தில் கோப்பை மூடிவிடுவார்கள். ஓடை ஓடையாகவே இருக்கட்டும், நீரோட்டம் தடைபடாமல் அதன் மேல் சிறுபாலம் கட்டத் தடையின்மைச் சான்று வேண்டும் என்று மாற்றி எழுதிய பிறகே தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

ஆணையில் நிலத்தின் தன்மை மாறாது, அது காடாகவே தொடரும் என்று எழுதியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு ஊரில் சிலர், அப்படியானால் நாளைக்கு மூடிவிடுவார்களா என்று கலங்கினார்கள். அந்த நிபந்தனை இல்லாமல் இவ்வகை ஆணை இல்லை. நமக்குக் கிடைப்பது நிலமல்ல, அதன் மேல் பொதுச் சாலை அமைத்து அதில் போய்வருவதற்கான அனுமதி. மரங்களை வனத்துறையே வெட்டும், வெட்டிய மண்ணைச் சரிவில் கொட்டக் கூடாது, எல்லைக் கற்கள் நட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும் என்பவை மற்ற நிபந்தனைகள். ஆணையின் சான்றிட்ட நகல்களை ஊராட்சி அலுவலகத்திலும் எங்கள் குடியிருப்புச் சபையின் வன உரிமைக் குழுவின் கோப்பிலும் வைத்திருக்கிறோம், ஏனெனில் வனச்சரகர் மாறினால் கேள்விகளும் முதலிலிருந்து தொடங்கும்.

கற்கள் நட்ட அன்றே ஒப்பந்ததாரரின் ஆள் ஒருவர், வளைவில் இன்னும் ஒரு மீட்டர் உள்ளே வெட்டிவிட்டால் லாரி திரும்ப வசதியாக இருக்கும் என்று கேட்டார். ஆணையில் அகலம் குறித்த பத்தியைக் காட்டி முடியாது என்று சொன்னோம். லாரி திரும்புவதற்கு ஓடைக்கு இப்பால், அரசு தரிசில் இடம் ஒதுக்கித் தருமாறு தாசில்தாருக்கு மனு கொடுத்திருக்கிறோம். அதற்கும் ந.க. எண் வாங்கியாயிற்று.