துப்பாக்கிச் சூட்டு சார்ட்டுகளைக் கோடிங் செய்யப் பழகியது

மெடிக்கல் கோடிங் என்பது நோயாளியின் சார்ட்டை, அதாவது ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து, பில்லுக்காக நோய்க்கும் காயத்துக்கும் குறியீடு போடுகிற வேலை. அதில் எமர்ஜென்சி பக்கம் வருகிறவர்கள் திணறுவது ஜிஎஸ்டபிள்யூ (துப்பாக்கிக் குண்டுக் காயம்) என்று எழுதிய சார்ட்டில்தான். நான் 2018-ல் சென்னையில் சேர்ந்தேன். எல்லாம் அமெரிக்க ஆஸ்பத்திரி சார்ட்டுகள். எனக்கோ துப்பாக்கி என்றால் வங்கி வாசலில் காவலாளி வைத்திருப்பது மட்டும்தான் தெரியும்.

காயத்துக்குக் கோடு போடுவது பழகிவிடும். எந்தப் பக்கத் தொடை, குண்டு உள்ளேயே நிற்கிறதா, ரத்தக்குழாயில் பட்டதா என்று சிடி ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எலும்பு முறிந்திருந்தால் மட்டும் கவனம். டாக்டர் ‘திறந்த முறிவு’ என்று எழுதாமல் விட்டாலும், குண்டு தோலைத் துளைத்துப் போய் உடைத்த எலும்பு திறந்த முறிவுதான். தொடை எலும்புக்கான கோடில் ஏழாவது எழுத்தாக ஏ போட்டால் மூடிய முறிவாகிவிடும், பி போட வேண்டும். புதுசாக வருகிறவர்களை, கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டர் பிடிக்கிற இடம் இது.

படுத்தி எடுப்பது, காயம் எப்படி ஏற்பட்டது என்று சொல்லும் காரணக் கோடு. தற்செயல் என்றால் டபிள்யூ 32 முதல் 34, தன்னைத்தானே சுட்டுக்கொண்டால் எக்ஸ் 72 முதல் 74, பிறர் தாக்கினால் எக்ஸ் 93 முதல் 95, போலீஸ் சுட்டால் ஒய் 35. சார்ட்டில் இருப்பதோ, “நடந்து போய்க்கொண்டிருந்தார், வெடிச்சத்தம் கேட்டது, இடது காலில் வலி” என்கிற அளவுக்குத்தான். படிக்கிற யாருக்கும் தாக்குதல் என்றே தோன்றும். ஆனால் அன்றைய விதிப்படி நோக்கம் எழுதப்படாவிட்டால் தற்செயல் என்று போட வேண்டும். நோக்கத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று சார்ட்டிலேயே இருந்தால்தான் ஒய் 22 முதல் 24. ஊகிக்கக் கூடாது, சரி, தற்செயல் என்பதும் ஊகம்தானே என்று ட்ரெய்னரிடம் கேட்டேன். “கைட்லைன்ல இருக்கு, போடுங்க” என்றார். டாக்டரிடம் விளக்கம் கேட்டுக் குவெரி அனுப்பலாம், ஆனால் காரணக் கோட்டுக்காக பில் திரும்பி வருவது அரிது என்பதால் யாரும் மெனக்கெடுவதில்லை. பிற்பாடு, கோடுகளில் தற்செயல் என்று பதிவானவற்றில் கணிசமானவை உண்மையில் தாக்குதல்கள் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

நிஜத் தற்செயல் சார்ட்டைப் பார்த்தாலே தெரியும். துப்பாக்கியைத் துடைக்கும்போது உள்ளங்கையில், இடுப்பு உறையிலிருந்து உருவும்போது சொந்தத் தொடையில். கதை முழுசாக இருக்கும், சொன்னவருக்கு வெட்கம் தவிர வேறு பயமில்லை. தாக்கப்பட்டவர்கள் பல சமயம் யார் சுட்டதென்று வாயே திறப்பதில்லை.

தற்கொலை முயற்சி சார்ட் அபூர்வமாகத்தான் வந்தது. அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கு மேல் தற்கொலைதான், ஆனால் அப்படிச் சுட்டுக்கொள்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை, நிறையப் பேர் எமர்ஜென்சி வரை வருவதே இல்லை.

இப்போது சேர்கிறவர்களுக்கு ஒன்று. நான் சொன்னது என் காலத்து விதி. கைட்லைன் ஒவ்வொரு அக்டோபர் 1-ம் தேதியும் புதுப்பிக்கப்படும், வெளிக்காரணங்கள் பற்றிய 20-ம் அத்தியாயத்தை நீங்களே ஒருமுறை வாசித்துவிட்டு சார்ட்டைத் திறங்கள்.