கதவுக்கு அந்தப் பக்கம்

ஜனவரி 8, இரவு

என் கணவருக்குக் காய்ச்சல் 102.4. மறுபடி வைத்துப் பார்த்தார், 102.6.

"உடம்பு முழுக்க யாரோ அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும்மா" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. சாதாரணச் சளி என்றால் மூக்கில் ஆரம்பித்து இரண்டு நாள் இழுக்கும். இது நாலு மணிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை ஆறு மணிக்குப் படுக்கையில் தள்ளிவிட்டது.

அவர் அந்த அறை, நான் இந்த அறை. அத்தை மாஸ்க் போட்டுக்கொண்டு தட்டை வாசலில் வைத்துவிட்டு வருகிறார். அத்தைக்கு 68 வயது, சர்க்கரை வேறு. எனக்கு இது எட்டாம் மாதம். வீட்டில் இருப்பது மூன்று பேர். "இவர்களுக்கு வந்தால் ஆபத்து" என்கிற பட்டியலில் இருப்பது இரண்டு பேர். காய்ச்சல் வந்திருப்பது மூன்றாவது ஆளுக்கு.

ஜனவரி 9

எச்1என்1-ஆ, அதாவது பன்றிக் காய்ச்சலா என்று பார்க்க மூக்கிலும் தொண்டையிலும் குச்சியை விட்டு எடுத்துப் போனார்கள். ரிப்போர்ட் நாளைதான் வரும். டாக்டர் அதற்காகக் காத்திருக்கவில்லை, மாத்திரையை இன்றைக்கே ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். ஒசெல்டாமிவிர் 75 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்டபின் போடட்டும் என்றார். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலனாம்.

ஏன் 48 என்று தேடிப் படித்தேன். வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து தன்னைப் போலவே பல மடங்கு பெருகுகிறது. புதிதாகப் பிறந்தவை செல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒட்டை வெட்டி அவற்றை அவிழ்த்துவிடும் கத்திரி நியூராமினிடேஸ் என்ற நொதி. எச்1என்1 என்பதில் உள்ள 'என்' அதுதான். மாத்திரை கத்திரியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே வெளியேறிப் பரவியதை அது ஒன்றும் செய்யாது. அதனால்தான் இந்த அவசரம்.

எனக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார், தடுப்புக்காக, தினம் ஒன்று. "எட்டாம் மாசத்துல இதெல்லாம் போடலாமா?" என்று அத்தைக்குக் கலக்கம். மாத்திரையை நினைத்துப் பயப்படுவதைவிட இந்த மாதத்தில் காய்ச்சல் வந்துவிடுமோ என்று பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது என்றார் டாக்டர், ஸ்பீக்கரில், அத்தைக்கும் கேட்கும்படி.

ஜனவரி 10, விடியற்காலை 2.40

தூக்கம் வராமல் படித்துவிட்டேன். 2009-இல் அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் 1 சதவீதம். எச்1என்1-இல் இறந்ததாகப் பதிவானவர்களில் அவர்கள் 5 சதவீதம். கருப்பை மேலே ஏறி உதரவிதானத்தைத் தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைகிறதாம். அது எனக்குப் படிக்காமலே தெரியும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இது குழந்தையால் வாங்கும் மூச்சா, வேறு மூச்சா என்று யார் சொல்வது?

சுவருக்கு அந்தப் பக்கம் இருமுகிறார். வறட்டு இருமல், மூன்று மூன்றாக. நின்றுவிட்டால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

ஜனவரி 10

பாசிட்டிவ்.

ஜனவரி 10, மாலை

விசாரிக்கிற எல்லோரும் பன்றியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கறி சாப்பிட்டாரா, பண்ணைப் பக்கம் போனாரா. கறியால் வராது என்று எத்தனை பேரிடம் சொல்வது! 2009 ஏப்ரலில் மெக்ஸிகோவிலும் கலிஃபோர்னியாவிலும் கண்டுபிடித்தபோது அந்த வைரஸின் மரபணுக்கள் பன்றி, பறவை, மனிதன் என்று மூன்று வழியிலும் வந்து கலந்திருந்தன. அப்போது ஒட்டிய பெயர் இன்னும் போகவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2009 ஜூன் 11-இல் பெருந்தொற்று என்று அறிவித்து, 2010 ஆகஸ்டில் முடிந்தது என்றும் சொல்லிவிட்டது. முடிந்தது பெருந்தொற்றுதான், வைரஸ் எங்கும் போய்விடவில்லை. பருவத்துக்குப் பருவம் வரும் ஃப்ளூவில் ஒன்றாக மனிதனிடமிருந்து மனிதனுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

ஒருவர்கூட மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. டாக்டர் மட்டும்தான் முதலில் அதைக் கேட்கிறார், அப்புறம்தான் காய்ச்சல்.

ஜனவரி 11

கதவுக் கைப்பிடி. குழாய்த் திருகு. சுவிட்ச். ரிமோட். வழவழப்பான பரப்பில் இந்த வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை இருக்கும். சோப்புப் போட்டு 20 நொடி தேய்த்துக் கழுவுகிறேன், அழுக்குக் கையால் திறந்த அதே குழாயைத் திருகி மூடுகிறேன், மறுபடி கழுவுகிறேன். இனி முழங்கையால்தான் மூடுவது.

அத்தை அன்னாசிப்பூவைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். யாரோ போனில் அனுப்பியிருக்கிறார்கள். அதிலிருந்து எடுக்கும் ஷிகிமிக் அமிலத்தைக் கொண்டுதான் இந்த மாத்திரையைச் செய்தார்கள் என்பது நிஜம். ஆனால் ஆலையில் பல படி தாண்டி மாத்திரையாகிற சமாச்சாரம் அடுப்பில் ஆகிவிடாது. சொன்னேன். "சூடா குடிச்சா தொண்டைக்கு இதமா இருக்கும்ல?" என்றார். சரி, அதற்குக் குடிக்கட்டும்.

காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்னாலிருந்தே மற்றவர்களுக்குத் தொற்றுமாம். 7-ஆம் தேதி இரவு ஒரே போர்வைக்குள் பெயர் தேடிக்கொண்டிருந்தோம்.

ஜனவரி 12

99.6. கதவுக்குள்ளிருந்து ஜோக் அடிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்ட அன்று "உனக்குப் போடு, எனக்கெதுக்கு, நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்றவர். ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் எதிர்ப்புச் சக்தி வரும், அதனால் இப்போது போட்டு இந்தக் காய்ச்சலுக்குப் பிரயோசனமில்லை. கல்லு!

ஜனவரி 13

காய்ச்சல் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டும் கருவி 97 காட்டுகிறது.

வெளியே வரணுமாம். பாராசிட்டமால் போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்கட்டும், அப்புறம் பேசலாம் என்றேன். மாத்திரையையும் நிறுத்தலாமா என்றார். கதவை ஒரு உதை உதைத்தேன். போடுகிறேன் என்று பதில் வந்தது.

ஜனவரி 14, இரவு 11

101.8.

குறைந்த காய்ச்சல் திரும்பி வந்தால் உடனே வா என்று முதல் நாளே சொல்லியிருந்தார் டாக்டர். இருமல் மாறியிருக்கிறது. வறட்டு இருமல் இல்லை, சளி மஞ்சளாக வருகிறது. ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க இரண்டு முறை மூச்சு வாங்குகிறார். கருவியில் 93. விரலை மாற்றி மாட்டினாலும் 93. வண்டி வருகிறது.

ஜனவரி 15

வலது நுரையீரலில் கீழே வெள்ளைத் திட்டு. எக்ஸ்ரேயைப் போனில் அனுப்பினார்கள். வைரஸ் கிளறிவிட்ட இடத்தில் பாக்டீரியா புகுந்து நிமோனியா. ஆரம்பத்தில் "ஒரு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுங்க" என்று சொன்னவர்களிடமெல்லாம் வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது என்று சண்டை போட்டேன். இன்றைக்கு அதேதான் நரம்பில் ஏறுகிறது. இரண்டும் சரிதான்.

என்னை வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீடியோவில் மூக்குக் குழாயோடு கட்டை விரலைக் காட்டினார். இந்தப் பக்கமும் ஒரு உதை, உள்ளேயிருந்து.

ஜனவரி 16

95. குழாயோடு.

ஜனவரி 17

96. குழாய் இல்லாமல்! அத்தை முதல் முறையாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஜனவரி 19

வந்துவிட்டார். ஐந்து கிலோ இளைத்தவர் போல இருக்கிறார். அதே அறை, அதே கதவு. இனி அவரால் தொற்றாது என்று டாக்டர் சொல்லியும் நான்தான் மூடி வைத்திருக்கிறேன்.

பிறந்து ஆறு மாதம் ஆகாமல் குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட மாட்டார்கள். அதுவரை, நான் போட்டுக்கொண்டதில் எவ்வளவு அதற்குப் போய்ச் சேர்ந்ததோ அவ்வளவுதான் அதற்குக் காவல். சுற்றி இருப்பவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும். "தேறினதும் முதல் வேலை அதான்" என்கிறார் கல்லு.

நாளை ஸ்கேன். கேட்க வேண்டியது: அத்தைக்கு இருமல் இல்லை, ஆனாலும் பார்த்துவிடலாமா. பிரசவ நேரத்தில் எனக்குக் காய்ச்சல் இருந்தால் குழந்தையைப் பிரித்து வைப்பார்களா. தாய்ப்பாலில் வைரஸ் போகாது, மாஸ்க் போட்டுக் கொடுக்கலாம் என்று படித்தேன், அதை அவர் வாயால் கேட்க வேண்டும்.

தொண்டை சாயங்காலத்திலிருந்து கரகரவென்று இருக்கிறது. 98.4.

ஜனவரி 20, காலை

100.2. டாக்டருக்குப் போன் போட்டாச்சு, அழைப்பதாகச் சொன்னார். 48 மணி நேரம் என்பதை இப்போதிலிருந்து எண்ணுவதா, நேற்றைய கரகரப்பிலிருந்தா?