மனிதப் பிழைக் கணக்கு மறுஆய்வில் தேறிய விதம்

ஒருவழியாக அறிக்கை தேறிவிட்டது. காரைக்குடியில் உட்கார்ந்து அணுமின் நிலையத்துக்கு மனிதப் பிழை மதிப்பீடு (ஊழியர் தவறு செய்யும் வாய்ப்பை எண்ணாகக் கணிப்பது) செய்பவர்களுக்கு அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

நிகழ்வு மரம் (ஒரு கோளாறு எந்தெந்த வழியில் போகலாம் என்ற கிளைப்படம்), பணிகளைப் படிகளாகப் பிரிப்பது எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. இடித்தது ஆவணம். கைக்கு வந்த அவசரகால நடைமுறை பழைய திருத்தம். கட்டுப்பாட்டு அறையில் இருப்பதில் படிகளின் வரிசையே வேறு. நிலையத்தில் கேட்டால், "எங்க ரிஜிஸ்டர்ல இதுதான் சார் இருக்கு." நேரில் ஒப்பிடலாமென்று பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடித்துப் போனால், லேப்டாப்பின் சீரியல் நம்பர் கேட் பாஸில் இல்லை, பயணம் வீண். முதலில் திருத்த எண்ணையும் தேதியையும் எழுத்தில் வாங்குங்கள்.

"5 நிமிஷத்துல வால்வைத் திறந்துடுவோம்" என்று பகல் ஷிஃப்டில் சொல்வதை அப்படியே எழுதாதீர்கள். சாவி வாங்க வேண்டும், கையுறை மாட்ட வேண்டும், படி இறங்க வேண்டும், கைச்சக்கரத்தைக் கடைசிவரை சுற்ற வேண்டும். இரவு ஷிஃப்ட் ஆளோடு நடந்து, ஸ்டாப்வாட்சில் எடுங்கள்.

மறுஆய்வுக் குழு பிடித்துக்கொண்டது சார்புநிலையை, அதாவது ஒருவர் தவறினால் அடுத்தவரும் தவறும் வாய்ப்பு கூடுவதை. சோதனை முடிந்ததும் வால்வைத் திறக்க மறக்கும் வாய்ப்பு 0.01, சரிபார்ப்பவர் கவனிக்காமல் விடும் வாய்ப்பும் 0.01. நிலையம் கொடுத்த பழைய கணக்கு இரண்டையும் பெருக்கி 0.0001 என்று முடித்திருந்தது. ஆனால் இருவரும் ஒரே ஷிஃப்ட், கையில் ஒரே தாள். பேரேடு எழுதியவரையே வாசிக்கச் சொல்லிப் பக்கத்திலிருப்பவர் தலையாட்டினால் அது தணிக்கையா? தெர்ப் (THERP) என்ற மனிதப் பிழைக் கணிப்பு முறையில் இது உயர் சார்பு: முதல் ஆள் மறந்திருந்தால் சரிபார்ப்பவரும் விடும் வாய்ப்பு (1+0.01)/2, அதாவது 0.505. 0.01-ஆல் பெருக்கினால் மொத்தம் 0.00505, ஐம்பது மடங்கு கூடிவிட்டது. 1979-இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தில் அவசர ஊட்டுநீர் வழியின் இரண்டு வால்வுகளும் மூடியே கிடந்தன. விபத்து தொடங்கி 8 நிமிடம் கழித்துத்தான் அது தெரிந்தது. ஒன்றுக்கொன்று மாற்று என்று வைத்த இரண்டுமே சேர்ந்து போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எண்ணைக் குறைக்க வாதாடிப் பயனில்லை, வேலைமுறையைத்தான் மாற்ற வேண்டும். அடுத்த ஷிஃப்ட் ஆள், தனிப் பட்டியலோடு, வால்வு திறந்திருக்கிறதா என்று அதன் தண்டு நிற்கும் நிலையையே நேரில் பார்த்துச் சரிபார்ப்பது என்று நிலையம் ஒப்புக்கொண்டது. குறைந்த சார்பில் (1+19×0.01)/20 = 0.0595, மொத்தம் சுமார் 0.0006. குழு ஏற்றுக்கொண்டது. புதிய பட்டியலின் நகலையும், அது நடைமுறைக்கு வந்த ஷிஃப்ட் பதிவையும் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள். அடுத்த கேள்வி அங்கேதான் வரும்.