பிடிக்கலைன்னா வாங்காத, அவ்ளோதானே?

டெக் கம்பெனிங்க பத்தி பேச்சு வந்தாலே ரெண்டு நிமிஷத்துல ஒருத்தர் வந்து "பிடிக்கலைன்னா வாங்காதப்பா, யாரு உன்னை கட்டாயப்படுத்தினா, அவங்க பொருள் அவங்க இஷ்டம்"னு சொல்லிட்டு போயிடுவார். இன்னொருத்தர் "எல்லாம் கார்ப்பரேட் கொள்ளை"ம்பார். அதோட பேச்சு முடிஞ்சிடும், ரெண்டு பேரும் ஜெயிச்ச மாதிரி கிளம்பிடுவாங்க. எனக்கு ரெண்டு பேர் மேலயும் கடுப்புதான், ஆனா முதல் ஆள் மேல கொஞ்சம் ஜாஸ்தி. ஏன்னா அவர் சொல்றது கேக்க நியாயமா இருக்கும், சந்தை, போட்டி, சுதந்திரம்னு எல்லாம் வரும், ஆனா நடுவுல, நீ வாங்கின பொருளோட டிஜிட்டல் பூட்டை தொடக் கூடாதுன்னு ஒரு சட்டம் உக்காந்துட்டு இருக்குறதை மட்டும் அவர் பாக்கவே மாட்டார்.

அந்த சட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு பழைய கேஸ். அமெரிக்காவுல பாப்ஸ் மெரில்னு ஒரு பதிப்பாளர், ஒரு நாவலை அச்சடிச்சு உள்ளேயே ஒரு நோட்டீஸும் போட்டாங்க: இதோட சில்லறை விலை ஒரு டாலர், அதுக்கு கீழ விக்க எந்த வியாபாரிக்கும் லைசென்ஸ் கிடையாது, வித்தா காப்பிரைட் மீறல்னு எடுத்துப்போம். மேசீஸ் கடைக்காரங்க அதை கண்டுக்கவே இல்ல, 89 சென்ட்டுக்கு போட்டு வித்தாங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 1908ல தீர்ப்பு வந்தது, பதிப்பாளர் தோத்துட்டாங்க. ஒரு தடவை வித்துட்டா அந்த பிரதி மேல உனக்கு இருந்த பிடி போச்சு, உள்ள நீ என்ன நோட்டீஸ் ஒட்டினாலும் செல்லாதுன்னு முடிஞ்சிது. பழைய புத்தகக் கடை, லைப்ரரி, இரவல் எல்லாம் நிம்மதியா நடக்குறதுக்கு இந்த மாதிரி ஒரு கோடுதான் காரணம்.

கவனிங்க, அந்த பதிப்பாளரும் இன்னைக்கு இருக்குற கம்பெனிங்க மாதிரியேதான் ஆசைப்பட்டாங்க. வித்ததுக்கு அப்புறமும் பொருள் என் கைக்குள்ளயே இருக்கணும். அதனாலதான் "கார்ப்பரேட் பேராசை"ன்னு சொல்லிட்டு நிறுத்துறவர் மேலயும் எனக்கு கடுப்பு. ஆசை அன்னைக்கும் இருந்தது இன்னைக்கும் இருக்கு. அன்னைக்கு கோர்ட் "போய்யா"ன்னு சொல்லிச்சு, இன்னைக்கு சட்டமே அவங்க பக்கம் நிக்குது, மாறினது அதுதான்.

எப்ப மாறிச்சுன்னா 1998ல. டிஎம்சிஏ, அதாவது டிஜிட்டல் மில்லேனியம் காப்பிரைட் ஆக்ட்னு ஒரு அமெரிக்க சட்டம், கிளின்டன் கையெழுத்து போட்டது. எல்லாருக்கும் அதுல தெரிஞ்சது யூட்யூப் வீடியோவை தூக்குற நோட்டீஸ் சமாச்சாரம். எனக்கு பிரச்சனை அது இல்ல, செக்‌ஷன் 1201. காப்பிரைட் உள்ள ஒரு விஷயத்துக்கு டிஜிட்டல் பூட்டு போட்டிருந்தா, அந்த பூட்டை உடைக்கிறதே குத்தம்னு அது சொல்லுது. உடைச்சு காப்பி அடிச்சு வித்தாதான் குத்தம்னு இல்ல. நீங்க காசு கொடுத்து வாங்கின பொருள்ல, உங்க சொந்த உபயோகத்துக்கு, ஒரு காப்பி கூட எடுக்காம உடைச்சாலும் மாட்டிக்கலாம். உடைக்கிற கருவியை செஞ்சு மத்தவங்களுக்கு கொடுக்குறதும் தனியா குத்தம். வேணும்னே லாபத்துக்காக செஞ்சா முதல் தடவைக்கே 5 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 5 லட்சம் டாலர் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்.

சரி, பாட்டுக்கும் சினிமாவுக்கும் போட்ட சட்டம்தானேன்னு தோணும், போட்டப்ப அப்படித்தான் பேசினாங்க. ஆனா சாஃப்ட்வேருக்கும் காப்பிரைட் உண்டு. இப்ப சாஃப்ட்வேர் இல்லாத சாமான் ஏது? ஒரு சின்ன சிப்பை வெச்சு அதுல நாலு வரி புரோகிராம் எழுதி அதுக்கு ஒரு பூட்டையும் மாட்டிட்டா, இந்த பூட்டை தொட்டா 1201ன்னு எந்தப் பொருளுக்கும் கேஸ் போட்டுப் பாக்கலாம். நான் கற்பனையா சொல்லல. லெக்ஸ்மார்க் பிரின்டர் கம்பெனி டோனர் கேட்ரிட்ஜ்ல இருக்குற சிப்புக்காக இதே சட்டத்துல கேஸ் போட்டாங்க. சேம்பர்லேன்னு ஒரு கம்பெனி கராஜ் கதவு செய்றவங்க, அவங்க கதவை திறக்குற வேற கம்பெனி ரிமோட்டுக்காக போட்டாங்க. கராஜ் கதவு ரிமோட்! ரெண்டுலயும் 2004ல அப்பீல் கோர்ட்டுங்க கேஸ் போட்டவங்க பக்கம் போகல, காப்பிரைட் மீறலோட ஏதாவது சம்பந்தம் இருக்கணும்னு சேம்பர்லேன் கேஸ்ல சொன்னாங்க, நல்ல விஷயம். ஆனா 2010ல பிளிசார்ட்ங்குற வீடியோ கேம் கம்பெனியோட கேஸ்ல இன்னொரு அப்பீல் கோர்ட், அப்படி ஒரு சம்பந்தமே தேவையில்லன்னு சொல்லிடுச்சு. ஆக எந்த கோர்ட்ல மாட்டுறீங்கங்குறதை பொறுத்து உங்க தலையெழுத்து.

இப்ப "பிடிக்கலைன்னா வாங்காத"ங்குற வாதத்துக்கு வாங்க. இந்த வாதம் எப்ப வேலை செய்யும்? ஒரு கம்பெனி இங்க்குக்கு அநியாய விலை சொன்னா, இன்னொருத்தன் அதே பிரின்டருக்கு பாதி விலையில கேட்ரிட்ஜ் செஞ்சு விப்பான், அதை பாத்து முதல் கம்பெனி விலையை குறைக்கும். போட்டின்னா அதுதானே. ஆனா அந்த ரெண்டாவது ஆள் உள்ள வரணும்னா சிப்போட பூட்டை உடைச்சாகணும், உடைச்சா கேஸ். ஜெயிக்கிறானா தோக்குறானாங்குறது அப்புறம், அந்த லெக்ஸ்மார்க் சண்டையே 2002ல ஆரம்பிச்சு அதோட வேற ஒரு துண்டு 2014ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, அவ்ளோ வருஷம் வக்கீல் ஃபீஸ் கட்டி தாங்குற சின்ன கம்பெனி எத்தனை இருக்கும்? முக்கால்வாசி பேர் ஒரு வக்கீல் லெட்டரை பாத்ததுமே கடையை மூடிட்டு போயிடுவாங்க. அப்ப சந்தையில "வேற ஒண்ணு"ன்னு வாங்குறதுக்கு என்ன இருக்கும்? அரசாங்கம் தலையிடக் கூடாது, சந்தை பாத்துக்கும்னு சொல்றவரை பாத்தா எனக்கு சிரிப்புதான் வருது. அரசாங்கம் 1998லயே தலையிட்டாச்சுங்க, கம்பெனி பூட்டுக்கு போலீஸ் காவல் போட்டாச்சு. காவலை எடுங்கன்னு கேக்குறவங்கதான் தலையீடு வேணாம்னு சொல்றவங்க!

போலீஸ்னு சும்மா சொல்லல. 2001 ஜூலைல டிமித்ரி ஸ்க்லியாரோவ்னு ஒரு ரஷ்ய புரோகிராமர், லாஸ் வேகாஸ்ல ஒரு ஹேக்கர் மாநாட்டுல பேச வந்தார். அவர் வேலை பாத்த எல்காம்சாஃப்ட் கம்பெனி, அடோபியோட ஈபுக் பூட்டை எடுக்குற ஒரு சாஃப்ட்வேர் வித்துட்டு இருந்தாங்க, காசு கொடுத்து வாங்கின புத்தகத்தை பேக்கப் எடுக்கலாம், வேற மெஷின்ல படிக்கலாம். அப்ப ரஷ்யாவுல அது சட்டப்படி தப்பு இல்ல. பேசி முடிச்சு கிளம்பும்போது எஃப்பிஐ பிடிச்சு உள்ள வெச்சிடுச்சு. புகார் கொடுத்த அடோபியே எதிர்ப்பை பாத்து ஒரு வாரத்துல பின்வாங்கிடுச்சு, ஆனா கேஸ் அரசாங்கத்தோடது ஆச்சே, அது பாட்டுக்கு ஓடிச்சு. அவர் சில வாரம் ஜெயில்ல இருந்துட்டு ஜாமீன்ல வந்தார், ஊருக்கு திரும்பினது டிசம்பர்லதான். 2002 கடைசியில ஜூரி எல்காம்சாஃப்ட் கம்பெனியை விடுதலை பண்ணிடுச்சு. நியாயம் கிடைச்சிடுச்சேன்னு சொல்லலாம்தான், ஆனா அதுக்கப்புறம் பூட்டு பத்தி ஆராய்ச்சி பண்றவன் மேடை ஏற ஒரு தடவை யோசிச்சிருப்பானா மாட்டானா?

இதுல என்னை ரொம்ப உறுத்துறது ட்ராக்டர்தான். ஜான் டீர் ட்ராக்டர்ல ஏதாவது சென்சார் மக்கர் பண்ணா அதை கண்டுபிடிச்சு சரி பண்ண கம்பெனியோட சாஃப்ட்வேர் வேணும், அது முழுசா டீலர் கிட்டதான் இருக்கும். விவசாயி, லோக்கல் மெக்கானிக் எல்லாம் வேடிக்கை பாக்கணும், அறுவடை நேரம்னா நின்னு போன ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். 2015ல ட்ராக்டர் பூட்டை உடைக்க 1201லேர்ந்து விதிவிலக்கு கொடுக்கலாமான்னு காப்பிரைட் ஆஃபீஸ் விசாரிச்சப்ப கம்பெனி எழுதிக் கொடுத்தது என்ன தெரியுமா, ட்ராக்டர் வாங்கினவருக்கு அந்த வண்டி இருக்குற காலம் வரைக்கும் அதை ஓட்டிக்க ஒரு மறைமுக லைசென்ஸ் இருக்கு. லைசென்ஸ்! முழு காசையும் எண்ணி கொடுத்தவர் கிட்ட, ஓட்டிக்கோ ஆனா உள்ள இருக்குறது எங்களோடதுன்னு சொல்ற மாதிரி.

அந்த விதிவிலக்கு சிஸ்டமே ஒரு தனி காமெடி. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் கிட்ட போய், ஐயா இந்த இந்த விஷயத்துக்கு பூட்டை உடைக்க அனுமதி கொடுங்கன்னு கேக்கணும். கொடுத்தாலும் அடுத்த மூணு வருஷத்துக்குதான், அப்புறம் திரும்ப மனு போடணும். செல்போன் அன்லாக் பண்றதுக்கு 2006லேர்ந்து அனுமதி இருந்தது, 2012ல புது போனுக்கெல்லாம் கிடையாதுன்னு மாத்திட்டாங்க, அதனால 2013 ஜனவரிக்கு அப்புறம் வாங்கின போனை கம்பெனியை கேக்காம வேற நெட்வொர்க்குக்கு மாத்தினா சட்டப்படி தப்பு. ஜனங்க கொதிச்சு வெள்ளை மாளிகைக்கு லட்சம் கையெழுத்துக்கு மேல போட்டு, 2014ல ஒபாமா அதுக்குன்னு தனி சட்டத்துலயே கையெழுத்து போட வேண்டியதாச்சு. ஒரு போன்ல சிம் மாத்துறதுக்கு நாடாளுமன்றம்!

ஆனா இதுல பெரிய ஓட்டை என்னன்னா, இந்த விதிவிலக்கு உடைக்கிற செயலுக்கு மட்டும்தான், கருவிக்கு கிடையாது. அதாவது ட்ராக்டரை நீங்க திறக்கலாம், திறக்குறதுக்கு வேண்டிய சாஃப்ட்வேரை உங்களுக்கு யாரும் செஞ்சு விக்கக் கூடாது. விவசாயி நிலத்தையும் உழுதுட்டு ராத்திரி உக்காந்து என்கிரிப்ஷனையும் தானே உடைச்சுக்கணும் போல. 2015ல கொடுத்தப்ப மெக்கானிக்கை கூப்பிட்டு செய்ய சொல்றது கூட அதுல அடங்கல, அதை 2018லதான் சேர்த்தாங்க.

ஈபுக் கதை இன்னும் வேற மாதிரி, அங்க பூட்டோட சேர்த்து ரிமோட்டும் கம்பெனி கையில. 2009 ஜூலைல அமேசான், அரசாங்கம் தனக்கு வேண்டாத எழுத்தை அழிக்கிறதை பத்தி ஆர்வெல் எழுதின 1984 நாவலை வாங்கினவங்களோட கிண்டில்லேர்ந்து சத்தமில்லாம அழிச்சிடுச்சு. அமேசான் கடையில அதை போட்டவங்களுக்கு விக்கிற உரிமை இல்லங்குறது காரணம், காசும் திருப்பிக் கொடுத்தாங்க. அந்தப் புத்தகத்தையேவா அழிக்கணும், வேற எது கிடைக்கலயான்னு உலகமே சிரிச்சது. அமேசானை ஆரம்பிச்ச பெசோஸ் மன்னிப்பு கேட்டார். குறிப்பெல்லாம் போச்சுன்னு ஒரு ஸ்கூல் மாணவர் கேஸ் போட்டு அது சமரசத்துல முடிஞ்சது. 2019ல மைக்ரோசாஃப்ட் ஈபுக் கடையை மூடினப்பவும் வாங்கின புத்தகம் எல்லாம் போயிடுச்சு, அங்கயும் காசு வந்தது. காசு வந்துடுச்சே அப்புறம் என்னன்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், பழைய புத்தகக் கடைக்காரர் நஷ்டமாகி கடையை மூடினா உங்க அலமாரில இருக்குற புத்தகத்தை எடுக்க வருவாரா?

எழுதுறவங்க, பாடுறவங்க பொழப்பு என்ன ஆகும்னு கேட்டா, அது நியாயமான கேள்வி, அதை நான் தள்ளிவிடல. ஆனா திருட்டு காப்பி போடுறது ஏற்கனவே காப்பிரைட் சட்டப்படி குத்தம்தானே, அதுக்கு 1201 தேவையில்ல. அதுவும் இல்லாம திருட்டு காப்பில பூட்டே இருக்காது, எவனோ முன்னாடியே எடுத்திருப்பான். பூட்டோட அல்லாடுறது காசு கொடுத்து வாங்கினவன்தான்.

வேற மாதிரி எழுத முடியாதா? இந்திய காப்பிரைட் சட்டத்துல 2012ல சேர்த்த 65ஏ பிரிவை பாருங்க. அங்கயும் பூட்டை உடைச்சா 2 வருஷம் வரைக்கும் ஜெயில், ஆனா காப்பிரைட் உரிமையை மீறுற எண்ணத்தோட உடைச்சிருக்கணும். சட்டம் தடுக்காத காரியத்துக்காக உடைச்சா அந்தப் பிரிவு தடுக்காதுன்னு எழுதியே வெச்சிருக்காங்க. இன்னொருத்தருக்கு உடைச்சு கொடுத்தா அவர் பேர், அட்ரஸ், எதுக்குன்னு ரெக்கார்ட் வெச்சுக்கணுமாம், அந்த இடத்துல நம்ம ஆபீசர் புத்தி எட்டிப் பாக்குது, போகட்டும். விஷயம் என்னன்னா குத்தம் எதுங்குற கோடு சரியான இடத்துல இருக்கு. உள்ள பாக்க விடுறது ஏன் முக்கியம்னா, போலந்துல நேவாக்னு ஒரு ரயில் கம்பெனியோட ரயிலுங்க வேற வொர்க்‌ஷாப்புக்கு சர்வீஸுக்கு போனதும் கிளம்ப மாட்டேன்னு நின்னப்ப, டிராகன் செக்டர்னு ஒரு ஹேக்கர் குழு உள்ள பூந்து பாத்து, போட்டி வொர்க்‌ஷாப்புங்க இருக்குற ஜிபிஎஸ் இடமே புரோகிராம்ல எழுதியிருந்துச்சுன்னு 2023 கடைசியில சொன்னாங்க. கம்பெனி மறுத்துச்சு, அவங்க மேல கேஸும் போட்டிருக்கு. யாரு சொல்றது சரின்னு கோர்ட் பாத்துக்கட்டும், ஆனா உள்ள பாக்கவே கூடாதுன்னா இந்தக் கேள்வியே வந்திருக்காது இல்லயா?

கலிஃபோர்னியாவுல 2025 ஜனவரிலேர்ந்து ஒரு சட்டம், டிஜிட்டல் கடையில விக்கிறது வெறும் லைசென்ஸ்தான்னா வாங்குறவர் கிட்ட அதை தெளிவா சொல்லணும். சொல்லட்டும், நல்லதுதான். பூட்டு அப்படியேதான் இருக்கு. கொலராடோ 2023ல விவசாய மெஷின் ரிப்பேருக்கு சட்டம் போட்டது, டூலும் மேனுவலும் கொடுத்தே ஆகணும்னு, அது இதைவிட உருப்படியா இருக்கு, ஆனாலும் மாநில சட்டம் ஃபெடரல் சட்டமான 1201ஐ தொட முடியாது.

தொட முயற்சி பண்ணாங்க. 2013ல ஸோயி லாஃப்கிரன்ங்குற எம்பி ஒரு மசோதா கொண்டு வந்தார், காப்பிரைட் மீறலுக்காக உடைச்சா மட்டும்தான் குத்தம், இல்லன்னா இல்ல, கருவிக்கும் அதே கணக்குன்னு. அது நிறைவேறல. அடுத்த வருஷம் செல்போனுக்கு மட்டும் ஒரு துண்டு சட்டம் போட்டு கொதிப்பை அடக்கிட்டாங்க. ட்ராக்டருக்கும் மத்ததுக்கும் 2024ல கிடைச்ச விதிவிலக்கு 2027ல முடியுது, அப்ப எல்லாரும் திரும்பவும் மனுவோட வரிசையில நிக்கணும்.