மொட்டை மாடித் துளசி எடை கூடிய கதை

உடுமலையில் ஆடி மாதம் மாடியில் துணி காயப்போட்டால் கிளிப் மட்டும்தான் மிஞ்சும். பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் காற்று காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வேட்டி தேடும் காலம். இந்தக் காற்றில் செடி எவ்வளவு தண்ணீரை இழக்கிறது என்று அளக்கக் கிளம்பினான் என் மகன். பள்ளிக்கூடத்தில் கொடுத்த வேலை.

ஒரே அளவில் மூன்று துளசித் தொட்டிகள். மண்ணிலிருந்து ஆவியாவது கணக்கில் சேரக் கூடாது என்று தொட்டியை மண்ணோடு சேர்த்துப் பாலிதீன் கவரில் மூடி, தண்டருகே கட்டினான். அப்புறம் எடை குறைந்தால் அது இலை வழியே போன தண்ணீர்தான். ஒன்று மாடியில், ஒன்று ஹாலில், ஈரக்காற்றுக்காக ஒன்று குளியலறையில்.

அங்கேதான் வந்தது வினை.

"துளசியக் கொண்டுபோயி பாத்ரூம்ல வெக்கறானே, ஊட்டுக்கு ஆகுமா?" என்றார் அம்மா. அன்று முழுக்கப் பேரனோடு பேச்சு இல்லை.

மறுநாள் ஹால் செடி கொஞ்சம் இளைத்திருந்தது. குளியலறைச் செடி ஏறக்குறைய அப்படியே. வெளிக்காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் இலைத்துளை வழியே நீராவி மெதுவாகத்தான் வெளியேறும். (இருட்டிலும் அந்தத் துளைகள் மூடிக்கொள்ளும். இரண்டில் எது காரணம் என்று கேட்டால் பையன் மாட்டிக்கொள்வான். நான் கேட்கவில்லை.) மாடிச் செடிதான் எடை கூடியிருந்தது! தராசுக்கு பேட்டரி மாற்றியும் அதே கதை. 'காற்றிலிருந்து தண்ணீர் குடிக்கிறது' என்று நோட்டில் எழுதவே ஆரம்பித்துவிட்டான்.

"நாந்தேன் சாமி ஒரு சொம்பு ஊத்துனேன். தல தொங்கிக் கெடந்துச்சு."

"கவர் கட்டியிருந்துச்சுங்களே அம்முச்சி?"

"ஓட்டை போட்டுத்தேன்."

இலையை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை ஆடிக்காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அந்த வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை. தலை தொங்கியதுதான் உண்மையான விடை. அதை அம்மா சொம்போடு அழித்துவிட்டார்.

"காத்துல வெக்கறதுன்னா அரளிய வெச்சிருக்கோணும். ரோட்டு நடுவுல நிக்குது, வாடிப் பாத்திருக்கியா?"

சரியான பேச்சு. அரளி இலையின் அடியில் சின்னச் சின்னக் குழிகள். அதற்குள் ரோமங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கின்றன துளைகள். காற்று அங்கே எளிதில் எட்டாது.

"அப்ப அரளிய பாத்ரூம்லயும் ஒண்ணு வெக்கலாங்களா? அதுவும் சாமிக்குப் போடறதுதானுங்க?"

அம்மா யோசித்தார். "பூக்கறதுக்குள்ள எடுத்துரு."